வெள்ளைத் திங்கள் எந்தக் காலத்தது

என் தம்பி அம்ப்ரோஸ் ப்ரோபர்ட் நாற்பத்தொன்பது ஆண்டுகள் சாலை வேலை பார்த்தவன். விதர்லோ பாலத்திலிருந்து மேட்டுச் சந்தி வரை ஆறு மைல் அவன் பொறுப்பு. ஓரப்புல் வெட்டுவது, வாய்க்கால் தூர் எடுப்பது, பள்ளத்துக்குக் கல் போடுவது எல்லாம் அவன் ஒருவனே செய்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பலகையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வேலையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவன் வெட்டிய வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் தேங்குவதில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள், ஹெஸ்டர். அவனுக்கு ஹெட்டி. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெரிய மாளிகையின் சலவைக் கூடத்துக்குப் போனேன். படுக்கை விரிப்பை ஓரம் பிசகாமல் மடிக்கத் தெரியும். ஒரு விஷயத்தை நடந்தது நடந்தபடி சொல்லத் தெரியும். வேறு பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அம்ப்ரோஸ் எங்கள் ஊர்த் தேவாலயத்தைத் திறந்துவைத்து, வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவான். சம்பளம் கிடையாது. அவனுக்கு அது வாரம் முழுக்கக் காத்திருந்து சாப்பிடும் விருந்து. எங்கள் பக்கத்தில் பழைய பொருள் எதையாவது கண்டால் அது எப்போது செய்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்றுதான் கேட்பார்கள். பொருள் ஏதோ எழுந்து நடந்து போகிற மாதிரி. அம்ப்ரோஸ் கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, அது எதுவரை போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்து வந்தவன் போலச் சொல்வான்.

"இந்தச் சுவரா? துறவிங்க காலத்துக்குப் போகுது. தடிமனைப் பாருங்க."

"இந்த வளைவு நார்மன்காரங்க வந்த காலத்துக்குப் போகுது."

"இந்தத் தேவதைக்கு மூக்கு போனது க்ராம்வெல் படையாளுங்களால. நேரா உள்ள வந்தாங்க, துப்பாக்கிக் கட்டையால ஒண்ணு வச்சாங்க."

தேவதையின் மூக்கு மட்டுமா? எங்கள் ஊரில் உடைந்தது எல்லாம், முந்நூறு வருஷத்துக்கு முன் ராஜாவோடு சண்டை போட்ட க்ராம்வெல்லின் ஆட்கள் உடைத்தது. சுவர் தடித்திருந்தால் துறவிகள். சாலை நேராக ஓடினால் ரோமர்கள். வேறு ஊர்களிலும் இப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அங்கெல்லாம் யாரோ பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அம்ப்ரோஸ் சொல்வான். அவன் சொன்னால் அதுதான்.

மதுக்கடை நடத்திய டில்லி பென்னல் அவனை விடமாட்டாள். அவளும் அவனும் ஒரே வகுப்பு.

"என் முழங்கால் வலி யார் காலத்துக்குப் போகுது அம்ப்ரோஸ்? ரோமருங்களா?"

"உங்கம்மா காலத்துக்குப் போகுது. அவங்களும் மாடிப்படி ஏறும்போது இப்படித்தான் முனகுவாங்க."

"வாயைப் பாரு! சைடர்ல தண்ணி ஊத்திக் குடுத்தாத்தான் நீ அடங்குவ."

"அந்தப் பழக்கம் உங்கப்பா காலத்துக்குப் போகுது."

அவன் சொல்வதைக் கேட்டபடி நிற்கும்போது எனக்கு ஒரு காட்சி தோன்றும். தேவாலயத்துக்குப் பின்னால் நிலம் மெல்லச் சரிந்து லெடன் ஆற்றுக்கு இறங்கும். வேலிக்கு அப்பால் வேலி, அதற்கப்பால் இன்னொரு வேலி, கடைசியில் மூடுபனி. ஒவ்வொரு வேலிக்கும் அந்தப் பக்கம் ஒவ்வொரு காலத்து ஜனங்களும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். முதல் வயலில் பழைய மகாராணி காலத்துப் பெண்கள் பால் கறந்துகொண்டிருப்பார்கள். அடுத்ததில் பொய்முடி வைத்த கனவான்கள். அதற்கப்பால் துறவிகள் மீன்குளம் வெட்டுவார்கள். எல்லாருக்கும் பின்னால், பனிக்குள், ரோமர்கள் நேராக நடந்துகொண்டேயிருப்பார்கள், காலடிச் சத்தம்கூட இங்கே எட்டாத தூரத்தில். அம்ப்ரோஸ் அந்த வேலிகளின் படிகளில் ஏறி இறங்கி, எல்லாரோடும் ஒரு வார்த்தை பேசிவிட்டு, தேநீர் நேரத்துக்குத் திரும்பி வருவான். அவன் காலணியில் சேறு இருக்கும். அது வாய்க்கால் சேறுதான். ஆனாலும் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

இப்போது வெள்ளைத் திங்களைச் சொல்ல வேண்டும்.

ஆற்றோரத்தில் ஒன்பது ஏக்கர் புல்வெளி இருக்கிறது. வெயில் பிறந்து, பெந்தெகொஸ்தே ஞாயிறு கழிந்து, முதலில் வரும் மழையில்லாத திங்கட்கிழமை, ஊரிலுள்ள எல்லா வீட்டாரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அந்தப் புல்லில் விரிப்போம். ஆற்றுப் பக்கத்திலிருந்து வரிசை தொடங்கும். நான்கு மூலைக்கும் ஆற்றுக் கூழாங்கல். மூலையில் சிவப்பு நூலில் அந்தந்த வீட்டு எழுத்து தைத்திருக்கும். வரிசைகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குப் புல் தெரியும். அந்தச் சந்துகளில் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் விடுவார்கள். விரிப்பை மிதித்தவன் தேநீர்க் கேன் சுமக்க வேண்டும். ஐந்து மணிக்கு மடிப்பு. அதற்கு ஒரு முறை உண்டு. உன் விரிப்பை உன் வீட்டு ஆளோடு மடிக்கக் கூடாது. அடுத்த வரிசைக்காரர் ஒருவரோடு ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, நேருக்கு நேர் நடந்து வந்து, கையோடு கை வைத்து மடிக்க வேண்டும். வருஷம் முழுக்கப் பேசாதவர்களும் அன்றைக்கு அப்படி நடந்து வந்துதான் ஆக வேண்டும்.

மேட்டுச் சந்தியிலிருந்து பார்த்தால், வழி தவறிய மேகமொன்று களைத்துப்போய் ஆற்றோரம் படுத்திருப்பது போல இருக்கும். காற்று அடித்தால் அது மூச்சு விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், இப்போதிருக்கும் ராணிக்கு முடிசூட்டு விழா வந்தபோது, எல்லா ஊர்களும் நினைவாக ஏதாவது செய்தன. சிலர் பெஞ்சு போட்டார்கள். சிலர் மரம் நட்டார்கள். நாங்கள் புல்வெளியின் வாசற்படலில் ஒரு பலகை வைப்பதென்று முடிவாயிற்று. எழுதும் வேலை அம்ப்ரோஸுக்கு. கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், மைல் பலகைகளுக்கு எழுத்துப் பூசுகிறவன் அவன்தானே.

எல்ம் மரப்பலகை. வெள்ளைப் பூச்சு. கறுப்பு எழுத்து. 'வெள்ளைத் திங்கள் இப்புல்வெளியில் நடைபெறுகிறது' என்று எழுதி முடித்தான். கீழே பாதிப் பலகை காலியாக நின்றது.

"மொட்டையா இருக்கே. ஒரு வருஷம் போட வேண்டாமா?" என்றார் டில்லியின் அப்பா. அப்போது கடை அவர் கையில் இருந்தது. வருஷம் இல்லாத பலகையை எங்கள் கவுண்டியில் எவனும் மதிக்க மாட்டான் என்பது உண்மைதான். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீர்த் தொட்டிக்கே வருஷம் போட்டிருந்தார்கள்.

அந்த வாரம் பூராவும் பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதனால் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அம்ப்ரோஸ் 1588 என்று எழுதினான். ஸ்பெயின்காரர்களின் கப்பல்களைத் துரத்திய வருஷம். "கடலுக்கும் நமக்கும் அம்பது மைல். கப்பலுக்கும் துப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று டில்லியின் அப்பா சிரித்தார். அம்ப்ரோஸ் அதன்மேல் வெள்ளை பூசினான். வியாழக்கிழமை 1645. க்ராம்வெல் காலத்துச் சண்டையில் அடிபட்டவர்களுக்கு விரிப்புகள் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள் அதுவும் அவனுக்குப் பிடிக்காமல் போய், வெள்ளை பூசினான். சனிக்கிழமை 1665 என்று எழுதினான். கொள்ளைநோய் வருஷம். நோய் விட்ட பிறகு ஊரே படுக்கைகளைக் கொண்டுவந்து வெயிலில் போட்டதாம்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வேற எப்படி இருக்கும் ஹெட்டி? நீயே சொல்லு."

தூரிகையைக் கீழே வைக்காமல், தலையைச் சாய்த்து அவன் அந்த எண்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பது போல. எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. அதன் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டே வருஷத்தில் ஊரிலுள்ள எல்லாருக்கும் தங்கள் பாட்டன் பூட்டன் சொல்லி அந்தக் கொள்ளைநோய்க் கதை தெரிந்திருந்தது. என்னிடமே ஒருத்தி விவரமாகச் சொன்னாள், முதல் விரிப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது வரைக்கும்.

எழுபதாம் ஆண்டில் ஹார்கெஸ்ட் என்பவர் அந்த நிலத்தை வாங்கினார். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். புல்லுக்கடியில் நல்ல சரளை இருந்தது. அதைத் தோண்டி எடுக்கப் பார்த்தார். அடுத்த வருஷம் வெள்ளைத் திங்களன்று படலில் பூட்டு தொங்கியது. நாங்கள் வேலியைத் தாண்டி உள்ளே போய் விரித்தோம். மடித்துக்கொண்டு வந்தோம். ஆனால் எப்படியும் ஒரு முடிவு வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. புல்வெளியை ஊர்ப் பொதுவெளியாகப் பதிவுசெய்யக் கேட்டு டில்லி மனுப் போட்டாள். எழுபத்திரண்டு அக்டோபரில் லண்டனிலிருந்து ஒரு ஆணையர் வந்து, ஊர் மண்டபத்தில் விசாரணை வைத்தார். தோற்றால் புல்வெளி குழியாகிவிடும்.

எங்களுக்கு வக்கீல் கிடையாது. டில்லிதான் வக்கீல். அவள் விசாரணைக்கு முந்தின வாரம் ஒரு காரியம் செய்தாள். பலகையைச் சோடா போட்டுக் கழுவித் துடைத்து, புகைப்படம் எடுத்து, மனுவோடு முதல் சாட்சியமாகச் சேர்த்தாள்.

"முந்நூத்தி ஏழு வருஷம்! எந்தச் சரளைக்காரன் வந்து அசைக்கிறான்னு பார்க்கிறேன்," என்றாள். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அம்ப்ரோஸ் மட்டும் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

விசாரணையன்று காலை ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் பேசினோம். நானும் பேசினேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து, எங்கள் அம்மாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, என்று சொன்னேன். பிறகு ஹார்கெஸ்டின் வக்கீல் எழுந்தார். ஒல்லியானவர், ஜலதோஷம் பிடித்தவர், ரொம்ப மரியாதையானவர். கையில் எங்கள் புகைப்படம் இருந்தது.

"இவ்வளவு தெளிவா ஒரு சாட்சியத்தைக் கொடுத்ததுக்கு ஊருக்கு நன்றி," என்று தொடங்கினார்.

அவர் சொன்னதை மெதுவாகச் சொல்கிறேன், எங்களுக்கும் மெதுவாகத்தான் புரிந்தது. ஊர் வழக்கம் உரிமையாக வேண்டுமென்றால், அது நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும். நினைவு எதுவரை எட்டும் என்று சட்டம் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறது. முதலாம் ரிச்சர்ட் அரசர் பட்டத்துக்கு வந்த 1189ஆம் வருஷம். வழக்கம் அந்தக் கோட்டுக்கும் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல், கிழவர்கள் சொல்லக் கேட்டவரைக்கும் நடந்துகொண்டே இருந்தால், அது கோட்டுக்கு முன்னாலிருந்தே வருகிறது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கோட்டுக்குப் பின்னால் ஒரு வருஷத்தில் தொடங்கியது என்று தெரிந்துவிட்டால், அதோடு முடிந்தது.

"ஆயிரத்து அறுநூத்தி அறுபத்தஞ்சு. ஊரே எழுதி வாசல்ல மாட்டியிருக்கு. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் பிந்திப் போச்சு. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு," என்றார் வக்கீல். மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முந்நூறு வருஷம் போதவில்லை! டில்லியின் முகம் துவைத்த துணி போல வெளுத்துவிட்டது.

பலகையை எழுதியவரைச் சாப்பாட்டுக்குப் பிறகு விசாரிக்கலாம் என்று ஆணையர் எழுந்தார்.

நானும் அம்ப்ரோஸும் தேவாலயச் சுவரில் போய் உட்கார்ந்தோம். துறவிகள் காலத்துச் சுவர். நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்திருந்தேன். அவன் தொடவில்லை. கீழே ஆற்றின்மேல் பனி எழுந்துகொண்டிருந்தது. புல்வெளி அதில் பாதி கரைந்திருந்தது.

"ஹெட்டி, நீ டின்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மூணும்?"

"மூணும்."

"ஏட்டுல பார்த்ததுன்னு நான் சொல்லிட்டா?"

"புல்வெளி போயிடும்."

"நானா கட்டின கதைன்னு சொன்னா?"

எனக்கு அவனை ஏமாற்றத் தெரியாது. "கோயில்ல இத்தனை வருஷமா நீ சொன்னதெல்லாம் போயிடும். மூக்கு, வளைவு, சுவரு எல்லாம். இனிமே எதைச் சொன்னாலும் சிரிப்பாங்க," என்றேன்.

அவன் ரொட்டியை எடுத்தான். கடிக்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த வேலிகளின் அந்தப் பக்கம் அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் நின்று அவனையே பார்ப்பதாக எனக்குப் பட்டது.

"சுவரு உண்மையிலேயே துறவிங்களுதுதான்னு நினைக்கிறேன்," என்றான்.

"இருக்கலாம்டா."

"இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

மண்டபத்தில் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வக்கீல் அன்பாகத்தான் கேட்டார்.

"ப்ரோபர்ட், இந்த ஊரோட பழைய விஷயம் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்னு காலையில ஒன்பது பேரும் சொன்னாங்க. பலகையை எழுதினது நீங்கதானே?"

"நான்தாங்க."

"வருஷத்தையும்?"

"ஆமாங்க. அது நானா கட்டினதுங்க."

"என்ன சொன்னீங்க?"

"நானா கட்டினது. எந்த ஏட்டுலயும் பார்க்கல. யாரும் சொல்லவும் இல்ல. பலகையில இடம் காலியா இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். குரலில் இருந்த அன்பு போய்விட்டது.

"இருபது வருஷமா ஊரும் வெளியூரும் படிச்ச ஒரு விஷயம், இன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு, புல்வெளி கையை விட்டுப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகு, திடீர்னு பொய்யாயிடுச்சு. அப்படித்தானே? நீங்க பொய் சொன்னது அன்னைக்கா, இன்னைக்கா?"

என் தம்பியின் காது மடல் சிவந்திருந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"அன்னைக்குங்க," என்றான். "ஒரே தடவை இல்ல. மூணு தடவை. பலகை அங்கே படல்லதான் இருக்கு. என் சுரண்டி சைக்கிள் பெட்டியில இருக்கு. ஐயா வந்து பார்த்தா நல்லது."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலைப் பார்த்தார். "தூறல் நின்னுடுச்சா?" என்று கேட்டார். நின்றிருந்தது.

ஊரே கீழே இறங்கிப் போனது. பனிக்குள் முன்னால் போகிறவர்களின் முதுகு தெரியும், பிறகு தெரியாது. ஆணையர் சேற்றுக்குப் போடும் வெலிங்டன் பூட்ஸ் கொண்டுவரவில்லை. டில்லி தன் கணவருடையதை எடுத்துக் கொடுத்தாள். ஆணையருக்கு அது பெரிதாக இருந்ததால், நடக்கும்போது சளக் சளக் என்று சத்தம் வந்தது.

அம்ப்ரோஸ் பலகைக்கு முன்னால் மண்டியிட்டான். சுரண்டியைப் படுக்கவைத்து, எண்களின் மேல் மெதுவாகத் தள்ளினான். இருபது வருஷத்துப் பூச்சு சுருள் சுருளாகப் புல்லில் விழுந்தது. முதலில் 1665 போயிற்று. அவன் அதைச் சுரண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். வெள்ளை வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினான். வெள்ளைக்குள்ளிருந்து, மூடுபனியில் ஆள் வருவது போல, கறுப்பாக ஒரு ஆறு தெரிந்தது, பிறகு நாலு, பிறகு ஐந்து.

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பத்தஞ்சு," என்று ஆணையர் படித்தார்.

"வியாழக்கிழமை எழுதினதுங்க."

மறுபடி சுரண்டினான். அடுத்த வெள்ளை. அதற்கடியில் 1588.

"இது செவ்வாய்க்கிழமை."

"எங்கப்பா சிரிச்சாருன்னா இதை அழிச்ச?" என்று டில்லி கத்தினாள். "ஸ்பெயின்காரன் கப்பலா? ஏய் அம்ப்ரோஸ், இந்தப் புல்லுலயா வந்து நின்னுச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்கெஸ்ட்கூடச் சிரித்தார். அம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. அவன் வேலையை முடிக்காமல் நடுவில் விடுகிறவன் இல்லை. கடைசிப் பூச்சையும் எடுத்தான்.

"இதுக்குக் கீழே?" என்று ஆணையர் குனிந்து கேட்டார்.

"மரம்தாங்க. எல்ம்."

"அப்போ இது எப்போ தொடங்குச்சு?"

நான் அவனோடு அறுபத்தொரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதுவரை கேட்டதில்லை. ஏதாவது ஒரு காலத்தைச் சொல்லிவிடுவான். சொல்ல முடியாவிட்டால் அதற்கும் முந்தையது என்பான்.

"தெரியாதுங்க," என்றான்.

"யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதுங்க. எங்கம்மா விரிச்சாங்க. அவங்க அம்மா விரிச்சாங்க. அதுக்குப் பின்னால எனக்குக் கண்ணு தெரியல."

ஆணையர் தன் சின்னக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். வக்கீல் இரண்டு தடவை தும்மினார்.

தீர்ப்புக் கடிதம் வர பிப்ரவரி ஆயிற்று. அந்த நாலு மாதமும் அம்ப்ரோஸுக்குச் சுலபமாக இல்லை. மதுக்கடையில் யார் என்ன சொன்னாலும், "இது எத்தனாவது பூச்சு?" என்று கேட்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல், கல்லறைகளுக்கிடையில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். யாராவது எதையாவது காட்டிக் கேட்டால் அரிவாளைத் தீட்டத் தொடங்கிவிடுவான். நான் ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது, "சுவரு பரவாயில்ல ஹெட்டி. அந்த மூக்கைப் பத்தித்தான் எனக்குச் சந்தேகமா இருக்கு. ஏணி சாய்ஞ்சிருக்கலாம்," என்றான்.

கடிதத்தில் நான்கு பக்கம் இருந்தது. டில்லி கடைசிப் பக்கத்தை மட்டும் கடையில் நின்று உரக்கப் படித்தாள். தொடக்கம் அறியப்படாதது, ஆகவே வழக்கம் நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து வருவதாகக் கொள்ளப்படுகிறது, புல்வெளி பொதுவெளியாகப் பதியப்படுகிறது. சாட்சி ப்ரோபர்ட் தனக்குச் சாதகமில்லாத உண்மையைத் தயங்காமல் கூறியதை நம்புகிறேன் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் டில்லியிடம் கேட்டு, ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒற்றைப் புள்ளி பிசகில்லாமல் என்னிடம் இருக்கிறது.

டில்லி கவுண்டரைச் சுற்றி வந்து, அவன் முன்னால் ஒரு குவளை சைடர் வைத்தாள்.

"தண்ணி ஊத்தலையா?" என்றான்.

"இல்ல. சந்தேகம்னா சுரண்டிப் பார்த்துக்கோ."

அந்த வருஷ வெள்ளைத் திங்களுக்கு முன்னால் அவன் பலகையை மறுபடி எழுதினான். நான் டின்னைப் பிடித்தேன். மேல்வரி அதே வரி. கீழ்ப்பாதிக்கு வெள்ளை மட்டும் பூசினான். வெளியூர்க்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள், எழுத்துப் பூசுகிறவன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டானா என்று.

அவன் தேவாலயத்துக்குள் திரும்பி வந்தான். வேறு மாதிரி பேசினான். "இது கல்லுலயே வெட்டியிருக்கு, தெரியும். இது தெரியாது. இதை நான் துறவிங்களுதுன்னு நினைக்கிறேன், நினைக்கிறேன் அவ்வளவுதான்." 'தெரியாது' என்று சொல்லும்போது குரல் முன்பெல்லாம் வருஷம் சொல்லும்போது இருந்த அதே குரல்தான், கையும் அதே கோட்டுப் பையில்தான் இருக்கும். கேட்பவர்கள் அவன் கை காட்டிய திசையில், ஜன்னலுக்கு வெளியே, பனியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

எழுபத்தாறில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். எண்பத்தொன்று மார்ச்சில் நெஞ்சுச் சளியால் இறந்தான். கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறவர் வந்து, வருஷங்கள் சொல்லுங்கள், சரியாகத் தெரியுமா, பலகை விஷயம் கேள்விப்பட்டேன் என்று சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

"எழுதிக்கோங்க," என்றேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, ஜூன் பன்னிரண்டு. திங்கட்கிழமை. எனக்கு இது நல்லாத் தெரியும். நான் கூடவே இருந்தேன்."

அன்றைக்கு வெள்ளைத் திங்கள். எனக்கு ஆறு வயது. மடிப்பு நேரத்தில் அம்மா எதிர் வரிசை மிஸஸ் பென்னலோடு எங்கள் கடைசி விரிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். மூலைகளைக் கையிலிருந்து விட்டாள். பெண்கள் அவளைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அந்த விரிப்பு புல்லிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே அம்மாவின் குரல் கேட்டது, வெளியே சரிவில், மற்றதெல்லாம் போன பிறகு, அந்த ஒரே ஒரு வெள்ளை தெரிந்தது. வெளிச்சம் இறங்க இறங்க அது மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது. பிறகு உள்ளேயிருந்து புதுக் குரல் ஒன்று கேட்டது.

அந்த விரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூலையில் சிவப்பு நூல். நடுவில் இரண்டு ஒட்டு. ஒவ்வொரு வெள்ளைத் திங்களன்றும் அதைத்தான் முதல் வரிசையில் விரிக்கிறேன், ஆற்றுப் பக்கம். மடிக்க டில்லி வருகிறாள், முழங்காலைத் திட்டிக்கொண்டே.